அலவாங்கும் காவுதடியும்

தோட்டவெளி என்றதும் சரித்திரம் படித்தோருக்கு 1544ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற மன்னார்த் தீவு மக்களை யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி வாளுக்கு இரையாக்கினான். மாண்டவர் அறுநூறு பேர் வரை என்பர். அவர்கள் நினைவாக வேதசாட்சிகளின் ஆலயம் இவ்வூரில் நிற்கிறது. மன்னனின் பெயர் நமக்குத் தெரியும். அவன் சினத்துக்கான காரணங்களை அறிஞர் பலர் ஆராய்ந்து எழுதியுமிருக்கின்றனர். ஆனால் அந்த அறுநூறு பேரும் உயிரோடிருந்த நாட்களில் எதைக் கொண்டு அடுப்பு மூட்டினர், வீட்டுக்கு வளை வைக்கப் பனங்குற்றியை இந்த மணலிலே எப்படி நகர்த்தினர் என்று கேட்டால் ஏடுகள் வாய் திறப்பதில்லை. செத்த பின்னர்தான் ஏழை சரித்திரத்துக்குள் நுழைகிறான். அவன் உயிரோடு செய்த வேலைக்கு அங்கே இடமில்லை.

அந்த வேலையைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகிறோம். நாம் தமிழ் படித்து, தமிழ் கற்பித்துப் பிழைக்கிறவர்கள். மரத்தைப் பற்றி எழுத நமக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப்பேரின் வீட்டில் விறகே எரிகிறது என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை.

மன்னார்த் தீவு மணல் பூமி. பனையும் தென்னையும் உடைமரமுமே இங்கு கண்ணுக்கு எட்டுவன. பனை இருக்கும் வீட்டில் அடுப்புக்குப் பஞ்சமில்லை என்பார்கள்: காவோலை, கங்குமட்டை, பன்னாடை, பாளை, கிழங்கு எடுத்த பின் எஞ்சும் ஊமல் எல்லாம் எரியும். இவையெல்லாம் தலைச்சுமைக்கு அடங்குபவை. மரமே சாய்ந்துவிட்டால் கதை வேறு. முதிர்ந்த பனையின் வெளிவைரம் இரும்புக்குச் சமம், உள்ளே சோற்றி. பத்தடி நீளத்துக்குத் தறித்த ஒரு குற்றி, ஓரடிக் குறுக்களவு இருந்தால், ஏறக்குறைய இருநூறு கிலோகிராம் நிற்கும். இதைக் கையாற் பிடித்துத் தூக்க முயல்பவன் இடுப்பை இழப்பான். உள்ளங்கையில் ஏறும் சிலாம்பு வேறு.

ஊரிலே இவ்வேலையில் முதிர்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். காற்றில் விழுந்த பனை ஒன்றை அவர் துண்டம் போட்டு அகற்றியதை ஒரு முற்பகல் முழுவதும் நின்று பார்த்தோம். அவர் எந்தக் குற்றியையும் தூக்கவில்லை. ஐந்தடி அலவாங்கின் நுனியைக் குற்றியின் அடியில் செருகினார். நுனியிலிருந்து அரையடி தள்ளி ஒரு கட்டையை அண்டக் கொடுத்தார். கல்லை வைத்தால் மணலுள் புதையும் என்பதால் கட்டை. கட்டையும் இறங்காதிருக்க அதன் கீழே பலகைத் துண்டு. பிறகு அலவாங்கின் மறு தலையை அமர்த்தினார். குற்றியின் முனை ஓரங்குலம் எழுந்தது. எழுந்த இடைவெளியில் அவருடைய மகன் உருளைக் கட்டையைத் தள்ளினான். மறு முனையிலும் அவ்வாறே. உருளைகள் மணலில் அமிழாதிருக்கப் பனை மட்டைகளைத் தண்டவாளம் போல் இரு வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். அதன் பின்னர் இருநூறு கிலோ, ஒரு சிறுவன் தள்ளுமளவுக்கு இலேசாகிவிட்டது.

கணக்கு எளிது. ஒரு முனையைத் தூக்கும்போது பாரத்தின் பாதி நிலத்திலேயே தங்கும். தூக்க வேண்டியது நூறு கிலோ. அண்டைக் கட்டைக்கு முன்னே அரையடி, பின்னே நாலரை அடி, ஒன்றுக்கு ஒன்பது. ஆகவே கையில் விழுவது பதினொரு கிலோவளவு, ஒரு வாளித் தண்ணீர். இது இனாம் அல்ல. குற்றி ஓரங்குலம் எழக் கை ஒன்பது அங்குலம் தாழ வேண்டும். இயற்கை, ஊரில் உள்ள வட்டிக்காரனைப் போன்றதன்று, வட்டி வாங்காது. ஆனால் முதலில் ஒரு சதமும் விட்டுக்கொடாது.

வண்டியில் ஏற்றிய முறை நம்மை இன்னும் வியப்பில் ஆழ்த்தியது. வண்டித் தட்டின் ஓரத்திலிருந்து நிலத்துக்கு இரண்டு தடிகளைச் சாய்த்து வைத்தார்கள். இரண்டு கயிறுகளின் தலைப்பை வண்டியிற் கட்டி, குற்றியின் அடியாற் கொடுத்து, மேலாக எடுத்து, வண்டியின் மறுபுறம் நின்று இழுத்தார்கள். குற்றி தானே தன் கயிற்றில் உருண்டு ஏறிற்று. கப்பி இல்லை; குற்றியே கப்பியாயிற்று. இழுப்பவன் கையில் பாதிப் பாரமே. கயிறு இரண்டு முழம் வந்தால் குற்றி ஒரு முழம் ஏறும். இழுக்கும்போது பெரியவர் குரல் கொடுத்தார். கரைவலை இழுப்போர் அம்பாப் பாடுவதும் இதற்கே. பத்துப் பேரின் பலம் பத்துக் கணங்களிற் சிதறினால் பயனில்லை. ஒரே கணத்தில் விழ வேண்டும். பாட்டையும் கருவிப் பெட்டிக்குள் வைத்து எண்ண வேண்டும் என்பது நம் கருத்து. நாட்டார் பாடல் என்று தொகுத்து அச்சிடுவோர், எந்த அசையில் கயிறு இழுபடுகிறது என்பதையும் குறித்து வைத்தால் நன்று.

“தூக்கிறது பலம், மாஸ்ரர். தூக்காமல் விடுறதுதான் தொழில்” என்றார் பெரியவர்.

அலவாங்கு என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவர்களுடைய மொழியில் ‘அலவங்கா’ என்றால் நெம்புகோல். கோட்டை கைமாறிற்று, சொல் எம்மிடம் தங்கிவிட்டது. யன்னலும் அலமாரியும் வாங்கும் வந்த வழியிலேயே இதுவும் வந்தது. கட்டுரைப் பயிற்சியில் பிள்ளைகள் ‘அலவாங்கு’ என்று எழுதினால் சிவப்பு மையால் வெட்டிக் ‘கடப்பாரை’ என்று திருத்தும் நண்பர்கள் நமக்கு உண்டு. நாம் வெட்டுவதில்லை. இப்பெயர் வருமுன்னரே எம்மவர் தெண்டவும் நெம்பவும் மிண்டு கொடுக்கவும் அறிந்திருந்தனர் என்பதற்கு அவ்வினைச் சொற்களே சாட்சி. வினை எம்முடையது, பெயர் கப்பலில் வந்தது. தோளிற் சுமந்தவன் அதைத் தன் சொல்லாக்கிக் கொண்ட பின்னர், பிறப்புச் சான்றிதழ் கேட்க நாம் யார்?

இனிக் காவுதடி. விறகுக் கட்டையோ சிறு குற்றியோ, இருவர் கொண்டுபோக நேர்ந்தால், ஆறடித் தடி ஒன்றின் நடுவில் கயிற்றாற் தொங்கவிட்டு, முன்னும் பின்னுமாகத் தோள் கொடுப்பார்கள். அறுபது கிலோ நடுவில் தொங்கினால் ஆளுக்கு முப்பது. அன்று பெரியவர் பின்னால் நின்றார். மகனுக்குப் பதினான்கு வயது, நம் மாணவன். தோளில் ஏற்றும் முன்னர், கயிற்றுச் சுருக்கைப் பெரியவர் ஓரடியளவு தம் பக்கமாக இழுத்துக்கொண்டார். பையன் முன்னால் பார்த்து நின்றபடியால் காணவில்லை. கயிறு பின்னவருக்கு இரண்டடியிலும் முன்னவனுக்கு நாலடியிலும் வந்தது. நாற்பது அவர் தோளில். இருபது பையன் தோளில். அவருக்கு அறுபதைக் கடந்துவிட்டது.

அடுத்த வாரம் விஞ்ஞான ஆசிரியையான சகோதரியிடம் இதைச் சொன்னோம். கோல் ஒன்றில் பாரம் தொங்கும்போது இரு தாங்கிகளிலும் விழும் விசையைக் காண்க என்னும் வினா ஒவ்வோராண்டும் ஏதேனும் ஒரு தாளில் வருவதுதான். பிள்ளைகள் சூத்திரத்தை மனனம் செய்து விடை எழுதுவார்கள், சிலர் எழுதாமல் விடுவார்கள் என்றார் அவர். அந்தப் பையன் எழுதாமல் விடுகிறவன். வீட்டில் அந்த வினாவுக்குத் தோளால் விடை சொல்லிக்கொண்டு, வகுப்பில் அதற்குப் பூச்சியம் வாங்குகிறான். குற்றம் பையனிடத்தில் இல்லை. பாடநூலிலே ஆணியும் முக்கோணமும் வரைந்திருக்கிறோமே அன்றி, தடியும் தோளும் வரையவில்லை.

1850களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலே, ஆற்றில் மிதந்து வரும் மரங்களைத் திருப்ப முடியாமல் தொழிலாளர் அல்லற்படுவதைக் கண்ட யோசேப்பு பீவி என்னும் கொல்லர், நீண்ட தடி ஒன்றின் நுனியில் கூரிய இரும்பையும் பக்கத்தில் அசையும் கொக்கியையும் பொருத்திக் கொடுத்தார். கொக்கி மரத்தைக் கவ்வ, தடி நெம்புகோலாகி அதை உருட்டும். இன்றும் அக்கருவி அவர் பெயராலேயே வழங்குகிறது. கைத்தொழிலாளி ஒருவரின் பெயர் நிலைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. எம்மூரில் மட்டையைக் கொளுவி இழுக்கும் கொக்கத்தடியை முதன்முதல் வளைத்தவன் பெயர் எவருக்கும் தெரியாது. பெயர் தெரியாமற் போனதால் கருவி கெட்டுவிடவில்லை என்பது உண்மை. ஆனால் கருவியைப் பிடிக்கும் அறிவு கைவிட்டுப் போகக்கூடியது. அது எம் கண் முன்னே போயிற்று.

போர் எவ்வாறு அறிவை அழிக்கிறது என்று பேசுவோர் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை எடுத்துக்காட்டுவர். 1981இன் அந்த நெருப்பை மறப்பதற்கில்லை. நூலகத்தில் இல்லாத அறிவும் எரிந்தது. வடக்கெங்கும் பனைகள் பதுங்குகுழிகளுக்காக ஆயிரக்கணக்கில் தறிக்கப்பட்டன; இரயில் பாதையின் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் அவ்வழியே சென்றன. 1990இல் நின்ற தலைமன்னார்ப் புகையிரதம் 2015இலேதான் மீண்டும் ஓடிற்று. அதே 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, அயலூர் எருக்கலம்பிட்டியிலிருந்தும் எம் சகோதரர்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கடல்வழியாகப் போனார்கள். தமிழரும் படகேறி மண்டபம் முகாமுக்குச் சென்றனர், மடுவுக்கு ஓடினர். அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு எவனும் ஓடுவதில்லை. கொட்டாப்புளியும் இரும்பாப்பும் கூரையில்லாத வீட்டு மூலையில் துருவேறின. முகாமில் வளர்ந்த பிள்ளைக்குத் தகப்பன் எதைக் காட்டிப் பழக்குவான்? பழக்கம் ஒரு தலைமுறை அறுந்தால் அதைத் திரும்ப முடிவது கடினம்.

2022இல் அது தெரிந்தது. சமையல் எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மார்ச்சு இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரமும் இல்லை. நகரவாசிகள் விறகைத் தேடினர். கிராமத்தவரோ, 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்போதும் நாட்டின் முக்காற் பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் விறகாலேயே சமைத்தன என்பதால், புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. முன்னிலும் தூரம் போக வேண்டியிருந்தது. அக்காலத்தில் பதினாறு வயது மாணவன் ஒருவன் குற்றி ஒன்றைத் தனியே பிரட்டப்போய் வலக்கால் விரல்கள் மூன்று நசுங்க ஒரு மாதம் பாடசாலைக்கு வரவில்லை. சரிவுப் பக்கத்தில் மிண்டு கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கையளவு மரத்துண்டு ஒன்று போதும். உருளுமுன் அதைச் செருக வேண்டும். அவ்வளவே.

இவ்வாறு எழுதுவதால் நாம் பழங்கருவிகளின் புகழ்பாடிகள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. யந்திரவாள் வந்ததில் நமக்குத் துயரம் இல்லை. மன்னார் வீதிகளிலே கழுதைகள் சுமையின்றித் திரிவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோர் உண்டு. கழுதையைக் கேட்டால் வேறு விடை சொல்லும். உலகத் தொழில் தாபனம் 1967இல் நிறைவேற்றிய சிபாரிசின்படி, வளர்ந்த ஆண் ஒருவன் கையாற் சுமக்கும் உச்சப் பாரம் ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேற்படலாகாது. பழைய அளவில் ஓர் அந்தருக்குச் சற்று மேல். பெண்களுக்கும் இளையோருக்கும் அதிலும் வெகுவாகக் குறைவு. கூலிக்கு மரம் ஏற்றுமிடத்தில் இதைப் படித்துக் காட்டினால் சிரிப்பார்கள். பண்பாடு, பாரம்பரியம் என்று நூதனசாலையில் அலவாங்கைச் சாய்த்து வைப்போருக்கும் அதைப் பிடித்தவனின் முள்ளந்தண்டு அங்கே வைக்கப்படவில்லை என்பது உறைப்பதில்லை. யந்திரம் வரும்வரை மனிதன் முறியாதிருக்க வேண்டும் என்பதே நம் வாதம். யந்திரம் வந்த பின்னும், வாடகைக்குப் பணமில்லாதவன் வீட்டு முற்றத்தில் மரம் விழத்தான் செய்யும்.

விறகு என்றால் பெண்களைப் பேசாமல் முடியாது. திருவிளையாடற் புராணத்தில் ‘விறகு விற்ற படலம்’ படித்திருப்பீர்கள். பாணபத்திரருக்காகச் சொக்கநாதர் விறகுச் சுமையோடு மதுரை வீதியில் வந்து, ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையிலிருந்து பாடி அவனை ஓட வைக்கிறார். இப்படலத்தை வகுப்பிற் கற்பித்தபோது மாணவி ஒருத்தி, “அந்த விறகு பிறகு என்ன ஆச்சுது, சேர்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. தாயோடு வாரத்தில் மூன்று நாள் தலையில் விறகு சுமப்பவள் அவள். பாட்டு முடிந்தாலும் சுமை கிடக்கும் என்று அறிந்தவளுக்கே அக்கேள்வி எழும். அவள் பின்வரிசையில் அமர்வாள். மழை நாளுக்கு முந்திய நாள் தவறாமல் வரமாட்டாள். வரவுப் பதிவேட்டில் அதற்குக் காரணம் எழுத நிரல் இல்லை.

சென்ற ஆண்டு அவள் வீட்டையும் சேர்த்து ஆறு வீட்டுப் பெண்கள் பணம் போட்டு, பழைய சைக்கிள் சக்கரம் இரண்டை வாங்கினார்கள். பெரியவரின் மகன் பனஞ்சலாகையில் தட்டு அமைத்தான். அச்சுக்கான இரும்பை மட்டும் பட்டறையில் அடிப்பித்தார்கள். பாரத்தை அச்சுக்கு நேர் மேலே வைத்தால் கைப்பிடியில் கனம் இராது என்று பையன் எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தான். மணலில் சக்கரம் புதையும் இடத்தில் மட்டை போடுகிறார்கள். முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் நிற்கும். ஞாயிறு எவருக்கும் இல்லை. ஒரு தடவைக்கு நாலு தலைச்சுமை வருகிறதாம். இம்மாதப் பதிவேட்டில் அவளுடைய பெயருக்கு நேரே இரண்டு நாட்களே வெறுமையாக இருக்கின்றன.