பிடிக்காமற்போன ஒரு நூல்

ஒரு நூலைப் பற்றி, ‘நமக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்லிவிடுவது எளிது. ஏன் என்று கேட்பவர் ஒருவர் எதிரே அமர்ந்துவிட்டால்தான் சங்கடம். கேட்பவர் நம்மிடமே ஓதியவராக இருந்துவிட்டாலோ, நாம் கற்றுக்கொடுத்த அளவுகோலையே எடுத்து நம்மை அளக்கத் தொடங்கிவிடுகிறார்.

நம்மிடம் ஐந்தாண்டு ஓதி ஆலிமா பட்டம் பெற்று, இப்போது கணவருடன் ஷார்ஜாவில் வாழும் மாணவி ஒருத்தி விடுமுறைக்கு ஊர் வந்தபோது ஒரு நூலைக் கொணர்ந்து தந்தாள். “படித்துவிட்டுச் சொல்லுங்கள், ஹஜ்ரத்” என்றாள். அரபு நூல் என்பதால் ஏதோ தப்ஸீராக இருக்கும் என்று மகிழ்ந்து வாங்கிக்கொண்டோம். அட்டையில் ‘ஹிகாயதுல் ஜாரியா’ என்றிருந்தது. கனடா நாட்டு எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1985இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ என்னும் நாவலின் அரபாக்கம் அது. 2017இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபின் உலகெங்கும் பேசப்பட்டதாம். நம் ஆங்கிலம் அகராதியைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஆங்கிலம். ஆகவே அரபில் படித்து, ஐயம் எழுந்த இடங்களில் மூலத்தைப் பார்த்தோம்.

ஜாரியா என்றால் அடிமைப்பெண். ஆனால் அச்சொல்லின் வேருக்கு ஓடுதல் என்று பொருள். நிலையான தருமத்தை ‘ஸதகத்துல் ஜாரியா’ என்கிறோம். நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலையும் திருமறை இச்சொல்லாலேயே குறிக்கிறது. ஏவிய திசையெல்லாம் ஓடுபவள் என்பதால் பணிப்பெண்ணுக்கும் இப்பெயர் வந்தது என்பர் மொழிநூலார். இந்த நாவலின் நாயகியோ ஓட முடியாதவள்.

கதை இது. அமெரிக்க ஐக்கிய நாடுகளை ஒரு கூட்டத்தார் கவிழ்த்து, கிலியட் என்ற பெயரில் பைபிளின் பெயரால் ஆள்கிறார்கள். காற்றும் நீரும் நஞ்சாகிப் பிள்ளைப்பேறு அருகிவிட்ட காலம். பிள்ளை பெறும் திறனுள்ள பெண்களைப் பிடித்துச் செந்நிற உடை அணிவித்து, மேலதிகாரிகளின் இல்லங்களுக்குப் பிள்ளை பெற்றுத்தர அனுப்புகிறார்கள். ஒரே நாளில் பெண்களின் வேலையும் வங்கிக் கணக்கும் பறிபோகின்றன. எழுத்தும் வாசிப்பும் தடை செய்யப்படுகின்றன. கடைகளின் பலகையில்கூட எழுத்துக்குப் பதிலாகப் படம். நாயகியின் சொந்தப் பெயர் நூலில் எங்கும் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. ஃப்ரெட் என்பவனுடையவள் என்னும் பொருளில் அவளை ‘ஆஃப்ஃப்ரெட்’ என்கிறார்கள். மாதத்துக்கொரு முறை, மனைவியின் மடிமீது இவளைக் கிடத்தி நடைபெறும் சடங்கை எழுத நம் பேனா கூசுகிறது.

மூன்று வாரம் கழித்து மாணவி வந்தாள். பிடிக்கவில்லை என்றோம். ஏன் என்றாள்.

“முஸ்லிம்களைப் பழிக்கிறாரம்மா” என்றோம். குடியரசுத் தலைவரும் காங்கிரஸ் சபையினரும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, பழி முஸ்லிம் தீவிரவாதிகள்மீது போடப்பட்டதாக ஒரு வரி நாவலில் வருகிறது. அதைக் கண்டதும் நாம் நூலை மூடி இரண்டு நாள் தொடவில்லை. அவள் சிரித்தாள். “பழி போடப்பட்டது என்றுதானே இருக்கிறது? கொன்றவர்கள் யார் என்று கடைசியில் பார்த்தீர்களா?” பார்த்தோம். கொன்றவர்கள் ஆட்சியைப் பிடித்த அதே கூட்டத்தார். அதாவது, நம்மீது வீசப்படும் பொய்யைப் பொய்யென்றே ஆசிரியை காட்டியிருக்கிறார். இந்நூல் வந்து பத்தாண்டு கழித்து, 1995 ஏப்ரலில், ஓக்லஹோமா நகரில் வைத்த வெடியில் 168 பேர் மாண்டபோது, முதல் நாள் விரல்கள் நீண்டது நம் பக்கமே. வைத்தவன் திமோத்தி மெக்வே என்னும் முன்னாள் அமெரிக்கப் படைவீரன். அட்வுட் அம்மையாரிடம் இந்த ஒரு வரிக்காக நாம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டோம். ஹதீஸின் முற்பாதியை மட்டும் ஓதிவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதே என்று மாணவர்களை அதட்டுபவர் நாம்!

இரண்டாவதாக உடையைச் சொன்னோம். முகத்தின் இருபுறமும் வெண்ணிறத் தடுப்பு, கணுக்கால் வரை அங்கி. படிப்பவர் மனத்தில் நம் வீட்டுப் பெண்கள்தாமே வந்து நிற்பார்கள்? ஆசிரியை 1978இல் ஆப்கானிஸ்தானம் சென்றபோது ஒரு முழுத்திரை வாங்கி அணிந்துபார்த்ததைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆனால் நாவலின் உடைக்குக் கன்னியாஸ்திரீகளின் ஆடையும், தம் சிறுவயதில் கண்ட ஒரு துலக்கும் பொடி டப்பாவின்மேலிருந்த முகம் தெரியாத பெண்ணின் படமும் மூலம் என்றும் கூறியிருக்கிறார். இதையும் அவள்தான் நமக்குச் சொன்னாள்.

உடை பற்றிய பேச்சில் ஓர் இடம் நம் நினைவில் தைத்து நிற்கிறது. ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகள் சிலர் தெருவில் இப்பெண்களைக் கண்டு, மொழிபெயர்ப்பாளன் வாயிலாக, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். அவன் ஒற்றனாக இருக்கலாம். ஆகவே நாயகி, ஆம், மிக்க மகிழ்ச்சி என்கிறாள். நம் மதரஸாவுக்கும் கொடையாளர்கள் வருவதுண்டு. வகுப்பறை வாசலில் நின்று, பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்று நம்மிடமே கேட்பார்கள். நாம் பிள்ளைகளைப் பார்ப்போம். “அல்ஹம்துலில்லாஹ்” என்று நாற்பது குரல் ஒன்றாக எழும். அதில் முப்பத்தெட்டு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்கும் முறையில் அதை அறிய வழியில்லை. நாவலைப் படித்த பின்னரே இது நமக்கு உறைத்தது. ஆகவே அந்த இடத்தை நூலின் குறையாகச் சொல்ல நா எழவில்லை.

யாகூப் நபி (அலை) அவர்களின் இல்லத்தை இழுத்தது நம்மை வருத்தியது. பிள்ளையில்லாத ராகேல் தம் பணிப்பெண் பில்காளைக் கணவருக்குக் கொடுத்ததாகத் தவ்ராத்தின் முதல் ஆகமத்தில் வரும் செய்தியே அந்தச் சடங்குக்கு ஆதாரமாக ஓதப்படுகிறது. நாம் திருமறையில் அறிந்த யாகூப் நபி, மகனை எண்ணி அழுது கண் வெளுத்த தந்தை. ஆயினும் வேதத்தை இப்படி வளைத்தவர் ஆசிரியையா, அவர் படைத்த கொடியவர்களா? பின்னவர்களே. இதில் அவர் நம் துறைக்கு நெருக்கமான ஒன்றைத் தொட்டிருக்கிறார். அந்த வீட்டில் வேதம் ஒரு பெட்டியில் பூட்டப்பட்டிருக்கிறது. சாவி எஜமானனிடம். பெண்களுக்கு ஒலிப்பதிவில் வேத வசனம் கேட்பிக்கிறார்கள். அதில் மௌனமாயிருப்போரைப் புகழும் ஒரு வசனம் புதிதாகச் செருகப்பட்டிருக்கிறது. காரல் மார்க்ஸின் முழக்கமொன்றைத் திருத்திப் பவுலின் வாக்கு என்கிறார்கள். நாயகிக்கு ஐயம் எழுகிறது. ஆனால் சரிபார்க்க நூல் கையில் இல்லை.

மவ்ளூஃ, அதாவது இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ் எவ்வாறு பிறக்கிறது என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். பூட்டிய பெட்டியை உதாரணம் காட்ட நமக்குத் தோன்றியதில்லை. நம் முன்னோரிடம் அந்தப் பூட்டு இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ்கள் 2210. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவில் கரீமா அல்மர்வஸிய்யா என்னும் பெண்மணியிடம் ஸஹீஹுல் புகாரியை ஓதக் கதீபுல் பக்தாதி போன்ற பேரறிஞர்கள் அமர்ந்தார்கள். இவற்றை மாணவியிடம் பெருமையுடன் சொன்னோம். “ஆமாம் ஹஜ்ரத்” என்றாள். “நாங்கள் ஓதும்போது கிதாபு அலமாரியின் சாவி உங்கள் இடுப்பில் இருந்தது.”

கரையானும் ஈரமும் உள்ள ஊரில் அலமாரியைப் பூட்டாமல் என்ன செய்வது என்று சொல்ல வந்தோம், சொல்லவில்லை. பூட்டியது கரையானுக்காக மட்டும் அன்று.

அடுத்து அவள் கேட்டது நம்மை வாயடைக்க வைத்தது. “உம்முல் வலத் பாடத்தை எங்களுக்கு ஏன் நடத்தவில்லை?”

அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ என்னும் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூலின் இறுதிப் பாடம் ‘உம்மஹாதுல் அவ்லாத்’. ஹனஃபிகளின் ‘ஹிதாயா’விலும் இப்பாடம் உண்டு. எஜமானனுக்குப் பிள்ளை பெற்ற அடிமைப்பெண்ணின் சட்டம் அது. அவளை அதன்பின் விற்கக் கூடாது. அவன் இறந்ததும் அவள் விடுதலை. பிள்ளை பிறக்கும்போதே சுதந்திரன், தந்தையின் வமிசம். பிள்ளைகளிடம், “இது இன்று நடைமுறையில் இல்லை” என்று சொல்லிப் பக்கங்களைப் புரட்டிவிடுவோம். நாம் ஓதிய காலத்தில் அந்தப் பாடம் வந்ததும் பின் வரிசையில் ஒரு சிரிப்பு எழும். உஸ்தாது கடிவார். பின் அவரும் விரைந்து கடப்பார். நாமும் சிரித்தவர்களில் ஒருவர்.

நாவலின் முடிவில் ஒரு பின்னுரை. 2195ஆம் ஆண்டில் ஆய்வறிஞர்கள் கூடி, கிலியட் மறைந்து நெடுங்காலத்துக்குப்பின் கிடைத்த நாயகியின் ஒலிநாடாக்களைப் பற்றிப் பேசுகிறார்கள். பேராசிரியர் ஒருவர் நூலின் தலைப்பை வைத்து ஒரு விரசமான சிலேடை சொல்கிறார். அவை சிரிக்கிறது. அவருக்கு அந்த எஜமானன் எவன் என்று அறிவதிலேதான் ஆர்வம். அவள் என்ன ஆனாள் என்பது போகிறபோக்கில் வரும் ஒரு கேள்வி. படிக்கும்போதே நம் உஸ்தாதின் வகுப்பறையும் பின் வரிசையும் கண்முன் வந்தன. நூலின்மீது நமக்கு உண்மையான வெறுப்புப் பிறந்தது அந்தப் பக்கங்களில்தான் என்று இப்போது தெரிகிறது.

மாணவியிடம் வாதாடாமலும் இல்லை. “வர்ஜீனியாவில் 1662இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். பிள்ளை தாயின் நிலையையே பெறும் என்று. எஜமானன் தனக்குப் பிறந்த பிள்ளையையே சந்தையில் விற்கலாம். நம் ஷரீஅத்தில் பிள்ளை சுதந்திரன் அல்லவா? ஹாரூன் ரஷீதின் தாய் கைஸுரான் அடிமையாக இருந்தவர்தாமே?” என்றோம்.

“பிள்ளைக்கு உரிமை கிடைத்தது. தாய்?”

“எஜமானன் மறைந்ததும் விடுதலை.”

“மறையும் வரைக்கும், ஹஜ்ரத்?”

விற்பனை, வாரிசுரிமை, வமிசம் எல்லாவற்றுக்கும் அப்பாடத்தில் விதியுண்டு. அவளுடைய விருப்பம் அதில் ஒரு ஷர்த்தாக வைக்கப்படவில்லை. கிலியட்டிலும் பிள்ளை பெற்றவளை நச்சு நிலங்களுக்குத் துரத்துவதில்லை என்று ஒரு சலுகை உண்டு. அவ்விரண்டும் ஒன்றல்ல. நம் சட்டம் விடுதலையை நோக்கிக் கதவுகளைத் திறந்தது, அவர்களுடையது அடைத்தது. 1846இல் தூனிஸியாவில் அஹ்மத் பே அடிமை முறையை ஒழித்தபோது அந்நாட்டு உலமாக்கள் துணைநின்றார்கள். அமெரிக்கா அதைச் செய்தது 1865இல். ஆனாலும் சவூதியில் அது முடிந்தது 1962இல், மௌரித்தானியாவில் சட்டப்படி முடிந்தது 1981இல் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ‘நடைமுறையில் இல்லை’ என்ற நம் சொல்லுக்கு அவ்வளவு வயதாகிவிடவில்லை.

இவ்வளவுக்குப் பின்னும் நாவல் நமக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் முறை கேட்கப்பட்டபோதுதான் சரியான காரணம் கிடைத்தது. வரலாற்றில் எங்கேனும் நிகழாத எதையும் இதில் சேர்க்கவில்லை என்கிறார் ஆசிரியை. ருமேனியாவில் 1966இல் அரசாணையால் பெண்களைப் பிள்ளைபெற வற்புறுத்தியது உண்மை. அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி சிறைப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளைத் திருடிக் கொடுத்ததும் உண்மை. ஆனால் பெயர் பறித்தல், எழுத்தறிவைத் தடுத்தல், பிள்ளையைப் பிரித்தல், தப்பியோடுவோரை இரகசிய வழியில் வீடு வீடாகக் கடத்தல் என்று நாவலின் எலும்புக்கூடு முழுவதும் அதே அமெரிக்க மண்ணில் கறுப்பினப் பெண்கள் பட்டது. அவர்களோ இந்நாவலில் இல்லை. ‘ஹாமின் மக்கள்’ வேறு நிலத்துக்கு அனுப்பப்படுகிறார்கள் என்று தொலைக்காட்சிச் செய்தியாக ஓரிரு வரி, அவ்வளவே. அவர்களுடைய துயரத்தை எடுத்து வெள்ளைப் பெண்ணுக்கு அணிவித்து, இனி வரக்கூடிய கொடுமை என்று அஞ்சச் சொல்கிறது நூல். மேற்கிலேயே பலர் இக்குறையைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஹாரியட் ஜேக்கப்ஸ் என்னும் அடிமைப்பெண் தம் வாழ்வைத் தாமே எழுதி 1861இல் வெளியிட்டார். வட கரோலினாவின் ஈடன்டன் ஊரினர். எஜமானனின் தொல்லைக்குத் தப்பி, பாட்டி வீட்டின் கூரைக்கடியில் ஒன்பதடி நீளமும் ஏழடி அகலமும், மிக உயர்ந்த இடத்திலும் மூன்றடியே உயரமும் கொண்ட இடுக்கில் ஏறத்தாழ ஏழாண்டு மறைந்திருந்தார். சுவரில் ஒரு துளையிட்டு, தெருவில் விளையாடும் தம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடக்கே சென்றுவிட்டதாக எஜமானன் நம்பவேண்டி, கடிதங்கள் எழுதி நியூயார்க்கிலிருந்து அஞ்சலில் சேரச் செய்தார். இரண்டு மாதம் அகராதியோடு போராடிப் படித்தோம். அங்கே எந்தப் பேராசிரியரும் அவருக்காகப் பேச வரவில்லை. அஞ்சியவளாகவும், சூழ்ச்சிக்காரியாகவும், தாயாகவும், தம் தவறுகளுக்கு நாணுபவளாகவும் அவரே பேசுகிறார். அதை முடித்தபின் நாவலின் துயரம் நமக்குத் தையற்காரர் தைத்துத் தந்ததாகவே தோன்றியது.

இதை எழுதி அவளுக்கு அனுப்பினோம். ஏற்றாளா என்றால், பாதி ஏற்றாள். நாவல் வந்திராவிட்டால் ஜேக்கப்ஸ் அம்மையாரைத் தேடிப் போயிருப்பீர்களா என்று எழுதியிருந்தாள். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

ஷவ்வாலில் வகுப்புகள் தொடங்கின. கடைசிப் பாடம் என்பதால் ஷஅபானுக்குள் எட்டாமற்போகும் என்று, உம்முல் வலத் பாடத்தை இவ்வாண்டு முன்னதாகவே எடுத்தோம். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, அப்படிப்பட்ட பெண்களில் யாருடைய பெயராவது தெரியுமா ஹஜ்ரத் என்று கேட்டாள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மைந்தர் இப்ராஹீமை ஈன்ற அன்னை மாரியா (ரலி) அவர்களைச் சொன்னோம். கைஸுரானைச் சொன்னோம். மஃமூனின் தாய் மராஜில் பெயரைக் கரும்பலகையில் எழுதினோம். பின்னும் சொல்லுங்கள் என்றார்கள். மணி அடிக்கும்வரை கிதாபுகளை இறக்கித் தேடிக்கொண்டிருந்தோம்.