தூண்டிலும் தொலைபேசியும்

தூண்டிலேந்தி மலைநாட்டு ஓடைக்குச் செல்பவனுக்குக் கையடக்கத் தொலைபேசி எதற்கு என்று யாமே ஒருகால் நகைத்ததுண்டு. ஓசையற்ற இடத்தை நாடியன்றோ அங்கே செல்கின்றோம்! அந்நகைப்பிற்குக் கொடுத்த விலையையும் பின்னர்க் கற்ற பாடத்தையும் இவ்விழா மலரிலே கூறக் கருதினோம். பழைய மாணவருள் மலையேறுவோர்க்கும் மீன்பிடிப்போர்க்கும் அது பயன்படலாம்.

யாம் கூறுவது புழுக் கோத்து வீசும் தூண்டில் அன்று. சிறு முள்ளில் இறகையும் நூலையும் ஈயின் வடிவாகக் கட்டி, கயிற்றின் பாரத்தாலேயே நீர்மேல் வீசும் தூண்டில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் நுவரெலியாப் பகுதியின் குளிர்ந்த ஓடைகளிலே ட்ரவுட் மீனைக் கொணர்ந்து விட்டனர். இக்கலையும் அவர்களோடு வந்தது. எம்மிடம் தமிழ் கற்ற ஒருவர் இதில் வல்லவர். சென்ற ஆண்டு சித்திரை விடுமுறையில் எம்மையும் உடனழைத்துச் சென்றார்.

நண்பகல் கடந்த வேளையில், பாசி படிந்த பாறையில் அவர் வழுக்கி வீழ்ந்தார், கணுக்கால் முறிந்தது. தாங்க ஓடிய எமது சட்டைப்பையிலிருந்த தொலைபேசி நீரில் வீழ்ந்து ஊமையாயிற்று. அவருடையதோ, காலைமுதல் படமெடுத்தே மின்கலம் வற்றிக் கிடந்தது. இரு கருவிகள் இருந்தும் ஒரு சொல் அனுப்ப வழியில்லை. மேலேயிருந்த தேயிலைத் தோட்டத்தை நோக்கிக் கூவினோம். கொழுந்து பறித்துத் திரும்பிய பெண்மணி ஒருவர் இறங்கி வந்தார்.

"அவங்கள அசைக்காதீங்க ஐயா, நான் சொல்லி வர வைக்கிறேன்" என்றவர், மடியிலிருந்து பொத்தான் வைத்த சிறிய தொலைபேசியை எடுத்து, மேட்டிலேறி நின்று 1990 என்னும் எண்ணை அழுத்தினார். 'சுவசெரிய' நோயாளர் காவு வண்டி வந்து சேர்ந்தது. 2016 இல் மேல், தென் மாகாணங்களிலே தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த அவ்விலவசச் சேவையின் எண் ஆசிரியராகிய எமக்கு நினைவில் இல்லை; அப்பெண்மணிக்கு இருந்தது. அன்று யாம் மாணவரானோம்.

கொழும்பு மீண்டதும் கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவை அடைந்தோம். தொலைபேசிக் கடைகள் மலிந்த அக்கட்டடத்தில் இளைஞர் ஒருவர் படமெடுக்கும் சிறப்பையே எடுத்துரைத்தார். "தண்ணிக்குள்ள விழுந்தால் பேசுமோ தம்பி?" என்றோம். "அப்பிடியெண்டா சேர், இதைப் பாருங்க" என்று தடித்த உறையுடைய ஒன்றை எடுத்து வைத்தார்.

அவரிடம் கேட்டும் பின்னர்ப் படித்தும் தெளிந்தவை இவை. ஐ.பி. 67 என்னும் குறியில் 6 தூசு புகாமையையும், 7 ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவதையும் குறிக்கும். 68 எனின் அதனினும் கடுமையான சோதனை. ஆழத்தையும் நேரத்தையும் உற்பத்தியாளர் குறிப்பிடுவர். சோதனை நன்னீரிலேயே நிகழ்வது. ஆதலின் கொள்ளுப்பிட்டிப் புகையிரதப் பாதையோரப் பாறைகளில் நின்று கடலில் தூண்டிலிடுவோர், உப்புநீர் பட்ட கருவியை நன்னீரால் அலம்பி உலர்த்துதல் வேண்டும். ஈரவிரலுக்குத் தொடுதிரை பணியாது. பக்கப் பொத்தான்கள் உள்ளது நன்று. குளிரில் மின்கலம் விரைந்து தளரும். உடலோடணைத்து வைத்தல் நலம். கழுத்துக் கயிறும் மறவற்க.

செயலிகளுள் மூன்றே போதுமெனக் கொண்டோம். முதலாவது வரைபடம்: முன்னரே இறக்கி வைத்தால், அலைத்தொடர்பு அற்ற இடத்திலும் செய்மதி வழியே நிற்குமிடத்தைக் காட்டும். இரண்டாவது வானிலை: சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமின்னல் மிகுதி, மேலே பெய்த மழையால் கீழே ஓடை திடீரெனப் பெருகும், கரிநார்த் தூண்டிற்கோலோ மின்கடத்தி. மூன்றாவது, தொடர்பு கிடைக்குமிடத்தில் எமது இருப்பிடத்தை இல்லத்தார்க்கு அறிவிப்பது.

சூதில் வரும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டிற் பொன்னுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். ஓடைக்கரையில் பொழுதுபோக்குச் செயலிகளும் அத்தகையனவே. இன்பமாய் விழுங்குகின்றோம், இடுக்கண் வந்த வேளையில் மின்கலம் வறிதாயிருக்கும்.

மாணவரின் கால் தேறிவிட்டது. இவ்வாண்டும் அவ்வோடைக்குச் செல்லவிருக்கின்றோம். தூண்டிலை விரிக்குமுன் தோட்டத்திற்கு ஏறி, அப்பெண்மணியைக் கண்டு நன்றி கூறுவோம். அவருடைய எண்ணையும் கேட்டுப் பதிந்துகொள்வோம்.