லேட்டா முழிக்கிற எஞ்சின்

தோட்டத்துல 45 மி.மீ. தண்டவாளம் போட்டு ரயில் விடுற ஆளு நான். எல்லாமே அனலாக். குமிழைத் திருப்பினா தண்டவாளத்துல வோல்ட் ஏறும், வண்டி ஓடும். அவ்வளவுதான்.

போன மாசம் டிகோடர் வச்ச டிஜிட்டல் எஞ்சின் ஒண்ணு வாங்கினேன். ஆசையா வச்சுக் குமிழைத் திருப்பினா... ம்ஹூம், அசையலை! காசு போச்சேன்னு வயித்தைக் கலக்கிடுச்சு. டிகோடரைப் பிடுங்கிடலாம்னு ஸ்க்ரூ டிரைவரே எடுத்துட்டேன். நல்லவேளை, நண்பர் ஒருத்தர் தடுத்தார். டிகோடருக்குள்ள சிவி 29-ல அனலாக் அனுமதி அணைஞ்சிருந்திருக்கு. தன்னோட டிஜிட்டல் பெட்டியில வச்சு, அந்த எண்ணோட 4-ஐக் கூட்டிக் கொடுத்தார். ஓடிடுச்சு!

ஆனா ஒரு சிக்கல். டிகோடர் முழிச்சுக்கவே 5, 6 வோல்ட் வேணும். சத்தம் போடுற வகைன்னா இன்னும் அதிகம். அதுக்குள்ள பழைய எஞ்சின் கிளம்பிடுது. ரெண்டையும் சேர்த்து மாட்டினப்போ பழசு இழுக்க, புதுசு சக்கரம் சுத்தாம தேய்ச்சுக்கிட்டே போச்சு. உள்ளே இருக்குறது வார்ம் கியர். வெளியிலேர்ந்து இழுத்தா சுத்தாது. பல்லு போயிடும்.

அதனால இப்ப தனித்தனியாத்தான் விடுறேன். புதுசுக்குக் குமிழைத் திருப்பிட்டுக் கொஞ்சம் பொறுமையா நிக்கணும். பொறுமைதான் நம்மகிட்ட கிடையாதே, பழகிக்கிட்டிருக்கேன் :-)