விதைத்தால் வாழும் வரம்

திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில் என் மனைவியும் நானும் கொல்லிமலைக்குப் புறப்பட்டோம். காரவள்ளியிலிருந்து மேலேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் சமவெளி சிறுத்துக்கொண்டே போயிற்று; குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. ஆயினும் என் உள்ளம் மட்டும் இலேசாகவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் எங்கள் பங்குத்தந்தை, "கிறிஸ்து பிறப்புப் பாடல்களுக்கு ஆர்மோனியம் வாசிக்க ஆளில்லை, நீங்கள் வரக்கூடாதா?" என்று கேட்டிருந்தார். நான் மறுமொழி கூறவில்லை. பாடகர் குழுவில் எழுந்த ஒரு சிறு மனத்தாங்கலால் பதினோர் ஆண்டுகளுக்கு முன் நான் மூடிவைத்த பெட்டி அது.

நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ள இம்மலையின்மேல், ஊர்த் தொகுதிகளை 'நாடு' என்று வழங்குகிறார்கள். அவற்றுள் ஒன்றுதான் ஆலத்தூர் நாடு. இங்கு வாழும் பழங்குடியினருக்கு 'மலையாளி' என்று பெயர். மலையை ஆள்பவர் என அதற்குப் பொருள் கூறுவர். ஆலத்தூர் நாட்டின் சிற்றூர் ஒன்றில், வீட்டு முற்றத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரைக் கண்டோம். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை எனப் பலவகைச் சாமைகள் இம்மலைக்கே உரியவை. ஆயின், ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு பயிரிடும் வழக்கம் பரவியபின் பல வயல்களில் சாமை மறைந்தது. 1990-களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இவ்விதைகளைக் காக்க மலைமக்களோடு இணைந்து உழைத்து வருகிறது.

"பாட்டி, விலை அதிகம் கிடைக்காத இந்தச் சாமையை ஏன் இன்னும் விதைக்கிறீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள்.

"வருஷா வருஷம் மண்ணுல போட்டாத்தான் அம்மா விதை நம்மகூட இருக்கும். பத்திரமா இருக்கட்டும்னு வீட்டுலயே வெச்சா, கடைசியில விதையும் இல்ல, சோறும் இல்ல" என்றார் அவர்.

அவர் சாமையைப் பற்றித்தான் பேசினார். என் செவியிலோ அது வேறுவிதமாக விழுந்தது.

இதே கொல்லிமலையில் அவர் சொன்னதை வாழ்ந்து காட்டிய ஒரு குடும்பம் உண்டு. ஜெசி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் 1913-இல் மணம் முடித்து, வாழவந்தி நாட்டில் குடியேறினர். அவர்கள் பாப்டிஸ்டு சபையினர். ஆயினும், பிரிந்த சகோதரரிடம் விளங்கும் கிறிஸ்துவின் செல்வங்களை மகிழ்வோடு ஏற்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்துள்ளதன்றோ? ஜெசி கட்டடத் தொழில் அறிந்தவர். ஓராண்டு மருத்துவப் பயிற்சியும் பெற்றவர். அந்தச் சிறிய பயிற்சியைக் கொண்டே மலைமக்களின் நோய்களுக்கு மருந்திட்டார், வீடுகள் கட்டினார், நரம்புச் சிலந்தி நோயைப் பரப்பிய நீர்நிலைகளைச் சீர்திருத்த முனைந்தார். 1929-இல் கொடிய காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. இலண்டனில் ஓவியம் பயின்ற ஈவ்லினோ, ஏறத்தாழ 70 வயதில், 'முதுமை வந்துவிட்டது' என்று பிறர் தடுத்தும் மீண்டும் மலையேறினார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சென்று தொண்டாற்றி, 1974 டிசம்பரில் தம் 95-ஆம் வயதில் மறைந்தார்.

அவர்கள் மகன் பால் பிராண்டு 1914-இல் பிறந்து, இம்மலையில் வளர்ந்தவர். தந்தையைப்போல் ஆகவேண்டுமென்று இளமையில் சில ஆண்டுகள் தச்சும் கட்டடத் தொழிலும் கற்றார். பின்னர் மருத்துவம் பயின்றபோது, அவ்வாண்டுகள் வீணாயினவோ என்று எவருக்கும் தோன்றியிருக்கும். ஆனால், 1946-இல் வேலூர் வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவையினால் நிமிர்த்தியபோது, தச்சனின் கைத்திறம் மருத்துவனுக்குத் துணை நின்றது. குணமடைந்தோர் பிழைக்க அவர் அமைத்த புதுவாழ்வு நிலையத்திலும் தச்சுப் பட்டறை இடம் பெற்றது. இறைவன் தந்த எதையும் அவர் மண்ணில் புதைக்கவில்லை.

தாலந்து உவமையில் தண்டிக்கப்பட்டவன் திருடனல்லன், ஊதாரியுமல்லன். பெற்றதைப் பத்திரமாக வைத்திருந்தவன். நாம் அஞ்ச வேண்டியது இதற்கே. ஆவியின் வரங்கள் பொதுநன்மைக்காகவே ஒவ்வொருவருக்கும் அளிக்கப்படுகின்றன என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். தம் சீடர் திமொத்தேயுவுக்கோ, பெற்ற வரத்தை நெருப்பைப்போல் தூண்டிவிடும்படி நினைவூட்டுகிறார். வரம் பெறுவது இறைவன் செயல்; அதை அணையாமல் காப்பது நம் கடமை. நோயாளியின் அருகே பொறுமையாய் அமர்வது, சிறுவருக்கு மறைக்கல்வி புகட்டுவது, சண்டையிட்டவர்களைச் சேர்த்துவைப்பது, இனிய குரலில் பாடுவது ஆகிய எளியவையும் வரங்களே. பெரும்பாலும் அவை திறமையின்மையால் அழிவதில்லை. பழைய மனக்கசப்பினாலும், 'எனக்கு வயதாயிற்று' என்னும் சாக்கினாலுமே அழிகின்றன.

விடைபெறும்போது மூதாட்டி ஒரு கைப்பிடிச் சாமையை என் மனைவியின் முந்தானையில் இட்டார்.

வீடு திரும்பியதும் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தேன். துருத்தி கிழிந்திருந்தது, சில கட்டைகள் ஒலிக்கவில்லை. பழுதுபார்க்கப் பத்து நாள் ஆயிற்று. முதல் ஒத்திகையில் என் விரல்கள் தடுமாறின. சிறுவர் சிலர் நகைத்தனர். முன்பு என்னோடு முரண்பட்ட நண்பரோ ஒன்றும் பேசாமல் நாற்காலியை இழுத்து என் அருகே போட்டுக்கொண்டு பாடத் தொடங்கினார்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் மூடிக்கிடக்கும் பெட்டி ஒன்று இருக்கக்கூடும். இந்தப் பருவத்திலேயே அதைத் திறவுங்கள். விதை, விதைப்பவன் கையில்தான் வாழ்கிறது.