மடிக்கணினி மாறினாலும் அமானிதம் மாறாது





ஐம்பது வயதைக் கடந்த தம்பதியர் நாங்கள். எங்களைப் பொறுத்தவரை கணினி என்பது நான்கைந்து வேலைகளின் பெயர். கணக்கு எழுதுதல், கடிதம் அடித்தல், வெளியூர்ப் பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேசுதல், மார்க்க உரைகளைக் கேட்டல். அதற்கப்பால் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று நாங்கள் ஆராய்ந்ததில்லை. எந்தப் படத்தை அழுத்தினால் எது திறக்கும் என்பது தெரியும். ஏன் திறக்கிறது என்பது தெரியாது. ஒன்பது ஆண்டுகள் ஒரே விண்டோஸ் மடிக்கணினியில் இவ்வாறே காலம் சென்றது.

சென்ற ஆண்டு அதன் மின்கலம் உப்பியது. திரையைத் தாங்கும் கீலும் முறிந்தது. பழுது பார்ப்பவர், "இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க பாய்" என்று கூறிவிட்டார். பெங்களூரில் பணிபுரியும் எங்கள் மகள், தாம் பயன்படுத்தி வந்த மேக்புக்கைத் துடைத்துச் சுத்தம் செய்து எங்களுக்கு அனுப்பிவைத்தார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளையின் அன்பளிப்பு என்று மகிழ்ந்தோம். திறந்து பார்த்தபோதுதான், நாங்கள் கற்று வைத்திருந்தவற்றில் பெரும்பகுதி இங்கே செல்லாது என்பது புரிந்தது.

எங்கள் கவலைக்குக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் ஜமாஅத்தின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் வழங்கப்படுகிறது. யார் வாங்கினார், எவ்வளவு வாங்கினார், எவ்வளவு திருப்பிச் செலுத்தினார், எவ்வளவு நிற்கிறது என்ற கணக்கு முழுவதும் எங்கள் வீட்டில்தான் எழுதப்படுகிறது. ஒருவர் நோன்புப் பெருநாளுக்கு முன் கடைக்குச் சரக்கு வாங்க, ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு, ஒருவர் அறுவை சிகிச்சைக்கு என வாங்கிய தொகைகள் அவை. திருக்குர்ஆனின் வசனங்களிலேயே மிக நீளமானது, அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம்; அது கடனை எழுதிவைப்பது பற்றியது என்பதை நாம் அனைவரும் அறிவோம். கடன் எழுதும் பொறுப்பை ஏற்றவர் கையில் இருப்பது பிறருடைய அமானிதம். அதை ஒரு புதிய இயந்திரத்திற்குக் குறைவின்றிக் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதே எங்கள் முன் நின்ற வேலை.

முதலில் கைகள் பழக வேண்டியிருந்தது. ஜன்னலை மூடும் பொத்தான் வலப்பக்க மூலையில் இல்லை. இடப்பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று சிறு வட்டங்கள். கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு நகலெடுத்துப் பழகிய விரல், இங்கே இடைவெளி விசைக்குப் பக்கத்திலுள்ள கமாண்ட் விசையைத் தேட வேண்டும். டெலீட் என்று எழுதப்பட்ட விசை இடப்பக்க எழுத்தை அழிக்கிறது. வலப்பக்க எழுத்தை அழிக்க எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தொடுபலகையை இரண்டு விரல்களால் அழுத்தினால் அதுவே வலச்சொடுக்கு. ஒரு கோப்பை வேறிடத்திற்கு நகர்த்த, முதலில் அதை நகலெடுத்துவிட்டு, ஒட்டும்போது ஆப்ஷன் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். செயலியின் மெனு அதன் ஜன்னலின் தலையில் இல்லாமல் திரையின் உச்சியில் நிற்கிறது.

இவற்றுள் எங்களை மிகவும் திகைக்க வைத்தது சிவப்பு வட்டம். அதை அழுத்தினால் ஜன்னல் மறைகிறது. ஆனால் கீழ்வரிசையில் அந்தச் செயலியின் படத்திற்கு அடியில் ஒரு புள்ளி அப்படியே நிற்கிறது. இது என்ன என்று கேட்டபோது மகள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அத்தா, நீங்க ஜன்னலைத்தான் சாத்தியிருக்கீங்க. கடை இன்னும் திறந்துதான் இருக்கு. கடையைச் சாத்தணும்னா கமாண்டும் கியூவும் சேர்த்து அழுத்துங்க." அன்று முதல் எங்கள் வீட்டில் "ஜன்னலா, கடையா?" என்பது ஒரு வழக்குச் சொல்லாகிவிட்டது.

மகள் ஒரு நிபந்தனை விதித்திருந்தார். தூரத்திலிருந்தபடியே எங்கள் திரையைத் தம் வசம் எடுத்து வேலையை முடித்துத் தரும் வசதி இருந்தும், அதை அவர் பயன்படுத்தவில்லை. "நான் செஞ்சு குடுத்தா அது என் வேலை. நீங்க அழுத்துனாத்தான் உங்களுக்கு நிக்கும்" என்றார். இஷா தொழுகைக்குப் பின் தினமும் அரை மணி நேரம் வகுப்பு நடந்தது. ஒரே கேள்வியை நான்காவது முறை கேட்டபோதும் அவர் குரலில் சலிப்பு இல்லை. இதே பிள்ளைக்கு அலிஃபையும் பாவையும் பலகையில் எழுதிக் காட்டி, விரலைப் பிடித்து ஓதவைத்த நாட்கள் எங்களுக்கு நினைவுக்கு வந்தன. வயது முதிர்ந்தவர் மாணவராக அமர்வதில் இழிவில்லை. ஆனால் அந்த மாணவரின் முகம் சுருங்காமல் பார்த்துக்கொள்வது கற்பிக்கும் பிள்ளையின் கையில் இருக்கிறது. இதைப் படிக்கும் இளையோர் இதனை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

கைகள் ஓரளவு பழகியபின் கணக்குக்கு வந்தோம். பழைய மடிக்கணினியில் இருந்தவை அனைத்திற்கும் ஒரு வெளிவட்டில் பிரதி இருந்தது. அதை மேக்புக்கில் பொருத்தினோம். கோப்புகள் தெரிந்தன, ஆனால் அந்த வட்டில் புதிதாக எதையும் எழுத இயலவில்லை. விண்டோஸ் கணினிகளில் வழக்கமாகப் பயன்படும் என்டிஎஃப்எஸ் என்ற முறையில் அமைக்கப்பட்ட வட்டுகளை மேக் படிக்கும். தன்னளவில் அவற்றில் எழுதாது. இரண்டு வகைக் கணினிகளிலும் படிக்கவும் எழுதவும் வேண்டுமெனில் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் அமைத்த வட்டு வேண்டும் என்று மகள் விளக்கினார். எனவே பழைய வட்டைத் தொடாமல் பாதுகாத்து, கணக்குக் கோப்பை மட்டும் மேக்புக்கில் நகலெடுத்துக்கொண்டோம்.

கோப்பைத் திறந்தபோது எங்கள் இருவருக்கும் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. 5,000, 12,000, 8,500 என்று தொகைகள் அனைத்தும் சரியாக இருந்தன. தேதிகளும் இருந்தன. பெயர்கள் மட்டும் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடங்களில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றிச் சிதறிக் கிடந்தன. கடன் இருக்கிறது, கடனாளி இல்லை என்றால் அந்தக் கணக்கால் என்ன பயன்?

காரணம் பின்னர் விளங்கியது. எங்களில் ஒருவர் இளமையில் தட்டச்சு நிலையத்தில் தமிழ் லோயர் தேறியவர். அந்த விரல் பழக்கத்திற்கு ஒத்துவந்த பாமினி எழுத்துருவில்தான் கணக்கு முழுவதும் அடிக்கப்பட்டிருந்தது. அவ்வகை எழுத்துருவில் கணினிக்குள் பதிவாவது தமிழ் எழுத்தன்று, ஆங்கில எழுத்தே. எம் என்ற ஆங்கில எழுத்தின் இருக்கையில் அகரத்தின் உருவமும், கே என்ற எழுத்தின் இருக்கையில் மகரத்தின் உருவமும் வரையப்பட்டிருக்கும். "அம்மா" என்று நாம் காண்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே கிடக்கும். அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் அது தமிழாகத் தோன்றும். நிறுவப்படாத கணினியில் போர்வை விலகி உள்ளிருப்பது தெரியும். யூனிகோட் முறை இவ்வாறன்று. அதில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உலகெங்கும் பொதுவான தனி எண்கள் உண்டு. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழக அரசும் 2010இல் அதனை ஏற்றுக்கொண்டது.

அந்த வாரத்திலேயே ஒரு சகோதரர் மஃக்ரிபுக்குப் பின் வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறவர். "என் கணக்குல இன்னும் எவ்வளவு நிக்குது பாய்? முடிச்சிட்டுப் போனாத்தான் மனசு லேசா இருக்கும்" என்றார். கடனோடு மரணிப்பதை எண்ணி அஞ்சும் சமுதாயம் நாம். அவர் கேட்டது வெறும் தொகையை அன்று என்பது எங்களுக்குப் புரிந்தது. திரையில் அவர் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நல்லவேளையாக, பணம் பெறும்போதெல்லாம் எழுதித் தந்த ரசீதுகளின் அடிக்கட்டைகள் அலமாரியில் ஆண்டுவாரியாக இருந்தன. அரை மணி நேரம் புரட்டிப் பார்த்து, 3,500 ரூபாய் நிற்கிறது என்று உறுதி செய்தோம். அவர் செலுத்திவிட்டு, துஆ செய்யச் சொல்லிப் புறப்பட்டார். அன்றிரவு எங்களுக்கு உறக்கம் தாமதமாகத்தான் வந்தது. மற்றவர்களின் பெயர்களும் விரைவில் திரும்ப வேண்டுமே!

பழைய எழுத்துருவில் உள்ளதை நொடியில் யூனிகோடுக்கு மாற்றித் தரும் இணையதளங்கள் உள்ளன. நண்பர் ஒருவர் அவற்றையே பரிந்துரைத்தார். வேலை எளிதுதான். ஆயினும் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பட்டியலில் இருப்பது தேவையின் காரணமாகக் கை நீட்டியவர்களின் பெயர்கள். பக்கத்து வீட்டாருக்கும் தெரியாமல் காக்கப்பட்டு வரும் செய்தியை, யார் நடத்துகிறார் என்று அறியாத ஒரு தளத்தில் ஒட்டுவது எப்படி? கண்ணியமாகக் கடன் பெற்றவரின் மானத்தைக் காப்பதும் கணக்கு எழுதுபவரின் கடமையில் அடங்கும். ஜமாஅத் நிர்வாகிகளிடம் நிலைமையைத் தெரிவித்தோம். அவர்களும் இதே கருத்தைக் கொண்டிருந்தார்கள்.

எனவே நீண்ட வழியைத் தேர்ந்தோம். வெளிவட்டில் இருந்த பாமினி எழுத்துருக் கோப்பை மேக்புக்கில் திறந்து, நிறுவும் பொத்தானை அழுத்தினோம். கணக்குக் கோப்பை மூடித் திறந்தபோது பெயர்கள் அனைத்தும் தமிழில் வந்து நின்றன. சுப்ஹானல்லாஹ்! எனினும் உள்ளே கிடப்பது பழைய ஆங்கில எழுத்துகளே என்பதால், ஒவ்வொரு பெயரையும் யூனிகோடில் மீண்டும் அடிக்கத் தீர்மானித்தோம்.

மேக்கில் தமிழ் உள்ளீட்டுக்கென்று தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் என இரு முறைகளும் கிடைக்கின்றன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ் 99 முறையையே நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். நம் வீடுகளின் பெயர்களில் ஸ, ஷ, ஜ, ஹ மிகுதியல்லவா? அவை நான்கும் ஷிஃப்ட் விசையைப் பிடித்தால் இடக்கை மேல்வரிசையில் அடுத்தடுத்துக் கிடைக்கின்றன. தட்டச்சு நிலையத்தில் பழகிய விரல்கள் முதல் வாரம் முழுவதும் பழைய இடங்களுக்கே ஓடின. மூன்றாம் வாரத்தில் திரையைப் பார்த்தபடியே அடிக்க முடிந்தது.

ஒருவர் ரசீது அடிக்கட்டையைப் பார்த்துப் பெயரையும் தொகையையும் வாசிப்பார், மற்றவர் அடிப்பார். மறுநாள் இடம் மாறிக்கொண்டு முந்தைய நாளின் வரிகளைச் சரிபார்ப்போம். 212 பதிவுகளும் முடிய இருபத்து மூன்று இரவுகள் ஆயின. வாசிக்கும்போது சில பெயர்களுக்கு உரியவர் இவ்வுலகில் இல்லை என்பது நினைவுக்கு வரும். அவர்களுக்காக நின்று துஆ செய்துவிட்டுத் தொடர்வோம். கணக்கு முடிந்த பிறகு இப்போது எந்தப் பெயரையும் தமிழிலேயே அடித்துத் தேடலாம்; எந்தக் கணினியிலும் அது தமிழாகவே தெரியும்.

உங்கள் குடும்பத்திலும் பள்ளிவாசலிலும் மத்ரஸாவிலும் இத்தகைய கணக்குகளும் பதிவேடுகளும் இருக்கக்கூடும். எங்கள் அனுபவத்திலிருந்து சிலவற்றைக் கூற விரும்புகிறோம். பழைய எழுத்துருவில் உள்ள ஆவணங்களை, அவற்றைத் திறக்கும் கணினி உயிரோடு இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பிரதி எடுக்கும் வட்டு எல்லா வகைக் கணினியிலும் திறக்குமா என்று பார்த்து வையுங்கள். காகித ரசீதுகளை அற்பமாக எண்ணாதீர்கள். பிறரின் அந்தரங்கம் அடங்கிய கோப்பை, எளிது என்பதற்காக அறியாத தளங்களில் ஏற்றாதீர்கள். கணக்கின் இருப்பிடமும் திறக்கும் வழியும், பொறுப்புள்ள இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். நம் ஆயுள் நம் கையில் இல்லை.

பெற்றோருக்குப் புதிய கருவியை வாங்கித் தரும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கருவியோடு உங்கள் அரை மணி நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அவர்கள் அஞ்சுவது பொத்தான்களுக்காக மட்டும் இராது; அந்தப் பழைய பெட்டிக்குள் அவர்கள் பாதுகாத்து வந்த ஏதோ ஒன்று இருக்கலாம். அது என்னவென்று முதலில் கேளுங்கள். அதைப் பத்திரமாகப் புதிய இடத்திற்குக் கொண்டுவந்த பின், மற்றவற்றை மெல்லக் கற்றுக்கொள்ளலாம்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை உரியவரிடம் குறைவின்றிச் சேர்க்கும் நற்பேற்றை வல்லோன் அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.