தொடை மட்டும் தப்பிக்கிறது

தசை ஆய்வுக்கூடத்தில் முதலில் கற்றுத்தருவது உறையவைக்கும் வேலையைத்தான். திரவ நைட்ரஜனால் குளிரூட்டிய ஐசோபென்டேனில் தசைத்துண்டைச் சட்டென்று முக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் உள்ளே பனிப்படிகம் கட்டி, திசு ஓட்டை ஓட்டையாகிவிடும். நோய் போட்ட ஓட்டை எது, நம் கை போட்டது எது என்று பிறகு பிரிப்பது பெரும்பாடு. டோக்கியோவின் மேற்குப் பகுதியிலுள்ள கொதாய்ராவில் போஸ்ட்டாக்காகச் சேர்ந்த புதிதில் எனக்கு இதே வேலைதான். கோமோரி சாயம் ஏறியதும் நீலப்பச்சை இழைகளுக்குள் சிவப்பு விளிம்பு கட்டிய குழிகள் தெரியும். ஜப்பானில் மருத்துவர் நோனாகா 1981இல் விவரித்த தசைநோயின் அடையாளம் அது. அந்த நோயை இன்று ஜி.என்.இ. மயோபதி என்கிறோம்.

இந்த நோய் வந்தவர்களுக்கு முதலில் தெரிவது செருப்பு நழுவுவதுதான். இருபதுகளில் இருப்பார்கள். முன்பாதம் தூக்காது, பாய் ஓரம்கூடத் தடுக்கிவிடும். அம்மா, அப்பா இருவரும் நன்றாகவே இருப்பார்கள். ஆளுக்கொரு பழுதான மரபணுப் பிரதியைச் சுமந்திருப்பது அவர்களுக்கே தெரியாது. மரபணு அறிக்கைகளில் 727ஆம் இடத்தில் வாலின் மாறி மெத்தியோனின் என்று கண்டால் என் மனம் ஊருக்குப் போய்விடும். இந்திய நோயாளிகளிடம் அடிக்கடி தென்படும் மாற்றம் அது.

ஆனால் தொடையின் முன்புறத் தசை? கெண்டைக்கால் கரைந்து, கையும் சோர்ந்த பிறகும் அது பெரும்பாலும் வெகுகாலம் தாக்குப்பிடிக்கிறது. அதே உடம்பு, அதே பழுது.

நோய்க்குக் காரணமான ஜி.என்.இ. மரபணுவை 2001இல் ஜெருசலேம் குழு கண்டுபிடித்ததும் வழி திறந்ததுபோல் இருந்தது. சியாலிக் அமிலத்தை உடம்பு தயாரிக்கும் பாதையின் முதல் படியில் நிற்கும் நொதிக்கான மரபணு அது. குறைவதைக் கொடுத்துவிட்டால் போதுமே! 2009இல் கொதாய்ராவில் அந்தச் சத்தைக் குடிநீரில் கலந்து கொடுத்தார்கள்; நோய் வரவேண்டிய எலிகளுக்கு வரவில்லை. மனிதர்களுக்கு அது மாத்திரையானது. 2017இல் மூன்றாம் கட்டப் பரிசோதனை தோற்றது. எலிகளுக்கு நோய் தொடங்குமுன்பே கொடுத்தோம், மனிதர்களுக்குத் தசை போன பிறகு கொடுத்தோம். என்னைக் கேட்டால், அந்த வித்தியாசத்துக்கு நாம் போதிய மதிப்புக் கொடுக்கவில்லை. இருபது ஆண்டுகளாகத் தேயும் தசையிடம் ஓர் ஆண்டுக்குள் பதில் கேட்டால் எப்படி? 2024இல் ஜப்பான் அதே மருந்துக்கு அனுமதி கொடுத்தது. தேய்வைக் கொஞ்சம் தள்ளிப்போட்டாலும் நல்லதுதான். மாடிப்படி ஏற முடிகிற ஓர் ஆண்டு கூடக் கிடைப்பது சின்ன விஷயமா?

தொடைக்கே திரும்ப வருகிறேன். கெடும் தசையைத்தான் நாம் ஓயாமல் வெட்டிப் பார்த்தோம். தப்பித்ததிடம் கேட்டது குறைவு. பதில் அங்கே இருக்கலாம் என்று உண்மையாகவே நம்புகிறேன். கேட்பதற்கு அந்தத் தசையில் ஒரு துண்டு வேண்டும். எழுந்து நிற்க அதையே நம்பியிருப்பவரிடம், அதிலிருந்து கொஞ்சம் தாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது?