அப்பாயியின் அட்டிகையும் நாலு சவரன் சந்தேகமும்

ரொம்ப நாளாக எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். சினிமா, ஹாஸ்டல் சாம்பார் என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று நகை மதிப்பீடு பற்றி எழுதினால் வகுப்பில் ஓட்டத்தான் செய்வீர்கள். பரவாயில்லை, ஓட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் ஒருநாள் இது வரும்.

போன தை மாதம் எங்கள் அப்பாயி தவறிவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. விட்டுப்போனது ஒரு மரப்பெட்டி நிறைய நகை. எல்லாம் அவருடைய சொந்த நகை என்பதால், 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பெரியப்பா, அத்தை, அப்பா மூன்று பேருக்கும் சரிபங்கு. (தாத்தா முன்பே காலமாகிவிட்டார்.) மகள் என்பதால் அத்தைக்கு ஒரு குந்துமணி கூடக் குறையாது. இதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு அந்தக் கெம்புக்கல் அட்டிகையில்.

தாத்தாவின் பழைய நோட்டில் "அட்டிகை - 11 சவரன்" என்று எழுதியிருக்கிறது. 2009-ல் பெரியப்பாவின் சம்பா நடவுச் செலவுக்காக அதை ஒரு வங்கியில் அடகு வைத்தார்கள். அப்போது அப்பாயி மயிலாடுதுறையில் அத்தை வீட்டில் இருந்ததால், கூடப் போனது அத்தை. "ஏழு சவரன்னுதான் போட்டுக் கொடுத்திருக்காங்க" என்று அத்தை போனில் சொன்னார். அவ்வளவுதான். பாக்கி நாலு சவரன் எங்கே? யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் பெரியம்மா யாரிடமோ சொல்ல, அது சுற்றி வந்து அத்தை காதில் விழுந்துவிட்டது. நகையைத் திருப்பியதும் அடகுச் சீட்டும் போய்விட்டது. அதற்கப்புறம் கடைமுழுக்குக்குக் கூட அத்தை எங்களைக் கூப்பிட்டதில்லை. நல்லது கெட்டதுக்கு வருவார், சாப்பிடாமல் போய்விடுவார்.

இப்போது வக்கீல் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "நீங்களா எடை போட்டுப் பிரிச்சுக்காதீங்க. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கிட்ட எழுத்துல வாங்கிட்டு வாங்க."

இந்தப் பதவியே கொஞ்சம் வேடிக்கையானது. 1957-ம் வருடச் செல்வ வரிச் சட்டத்தின் கீழ் வருமான வரித்துறை இவர்களைப் பதிவு செய்தது. நிலத்துக்குத் தனி ஆள், இயந்திரத்துக்குத் தனி ஆள், நகைக்குத் தனி ஆள், கலைப்பொருளுக்குக் கூடத் தனி ஆள். செல்வ வரியையே 2015-ல் எடுத்துவிட்டார்கள். மதிப்பீட்டாளர்கள் மட்டும் நிலைத்துவிட்டார்கள்!

கும்பகோணத்தில் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். பெரியப்பாவுக்கு மூட்டுவலி, வரவில்லை. நான், அப்பா, அத்தை மூவரும் பஸ்ஸில் போனோம். அத்தை மடியில் பை, அப்பா ரெண்டு சீட் தள்ளி. குத்தாலம் தாண்டி, ஆடுதுறை தாண்டி, ஒரு வார்த்தை இல்லை. நடுவில் நான், ரெண்டு பக்கமும் வேர்க்கடலை நீட்டிக்கொண்டு.

மதிப்பீட்டாளருக்கு எழுபது வயதிருக்கும். பெட்டியைத் திறப்பதற்கு முன்னாடியே, "எதுக்கு மதிப்பு?" என்று கேட்டார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "என்ன விலைக்குப் போகும்னு தெரியணும், அதுக்குத்தான்."

"விக்கிறதுக்கா, அடகுக்கா, பாகத்துக்கா, வரிக்கா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு மதிப்பு சார்."

அப்புறம் அவர் சொன்னதை என் பாஷையில் தருகிறேன். கடையில் வாங்கும்போது தங்கத்தின் விலையோடு செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி எல்லாம் சேரும். விற்கப் போனால் அந்த மூன்றும் திரும்பி வராது. அடகுக்குப் போனால் கல்லையும் அரக்கையும் கழித்துவிட்டு, மிச்சத் தங்கத்தின் மதிப்பிலும் ஒரு பகுதியைத்தான் கடனாகத் தருவார்கள். பாகத்துக்கு எல்லா நகைக்கும் ஒரே தேதி, ஒரே விலை, ஒரே அளவுகோல் இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

வரிக்கணக்கு இன்னும் விசேஷம். வாரிசாக வரும் சொத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. முன்பு இருந்த எஸ்டேட் வரியை 1985-ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் வந்த நகையைப் பிறகு விற்றால் லாபத்துக்கு வரி உண்டு. சொந்த உபயோகத்தில் இருந்த பித்தளை அண்டாவையோ பீரோவையோ விற்றால் இல்லை. நகைக்கும் ஓவியத்துக்கும் உண்டு. (சுவரில் தஞ்சாவூர் ஓவியம் தொங்கவிட்டிருப்பவர்கள் கவனிக்க.) லாபம் என்றால் வாங்கின விலை தெரிய வேண்டும் அல்லவா? அப்பாயியின் கல்யாண நகைக்கு யாரிடம் பில் இருக்கிறது? அதனால் 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதென்றால், அந்தத் தேதியின் சந்தை மதிப்பையே வாங்கின விலையாக வைத்துக்கொள்ளலாம். அப்போது 10 கிராம் சுத்தத் தங்கம் சுமார் 4,200 ரூபாய். 22 காரட் சவரன் மூவாயிரத்துச் சொச்சம். அதே சவரன் 2025-ல் முக்கால் லட்சத்தைத் தாண்டியது. 2024 ஜூலை 23-லிருந்து, ரெண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த நகையை விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. அப்பாயி வைத்திருந்த வருஷங்களும் கணக்கில் சேரும். ஆனால் முன்போல் விலைவாசி உயர்வைக் கழித்துக்கொள்ள முடியாது. எனவே 2001 மதிப்பு என்ற அந்த ஒரு வரிக்காகவே நாளைக்கு இந்த அறிக்கை தேவைப்படும்.

சரி, அட்டிகைக்கு வருவோம்.

முதலில் நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். தராசில் வைத்தார். எழுதினார். உரைகல்லில் ஓர் ஓரத்தைத் தேய்த்து அமிலம் விட்டுப் பார்த்தார். "மிஷின் இருக்கே சார்?" என்று கேட்டேன். காரட் பார்க்கும் இயந்திரம் மேல்பரப்பை மட்டும்தான் படிக்குமாம். பழைய நகைக்கு முன்பக்கம் ஒரு தரம், பின்தகடு ஒரு தரமாக இருக்கும் என்பதால் ரெண்டு வழியிலும் பார்ப்பாராம். பிறகு கல்லை எண்ணினார். லென்ஸை வைத்துக்கொண்டு பின்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"உள்ள பூரா அரக்கு. அந்தக் காலத்து வேலை. தகட்டுக்குள்ள அரக்கை ரொப்பி அதுமேல கல்லைப் பதிச்சிருக்காங்க. உருக்கினாத்தான் துல்லியமா தெரியும். உருக்கக் கூடாது, நகை போயிடும். நான் எழுதுறது கணிப்பு, அப்படின்னே எழுதுவேன்."

எழுதியது இதுதான். மொத்த எடை 87.600 கிராம். கல், அரக்கு, சரடு கழிவு 31.200. நிகரத் தங்கம் 56.400.

நான் செல்போனில் வகுத்துப் பார்த்தேன். 87.6-ஐ எட்டால் வகுத்தால் 10.95. தாத்தாவின் 11 சவரன். 56.4-ஐ எட்டால் வகுத்தால் 7.05. வங்கியின் 7 சவரன்.

தாத்தா எழுதியது அரக்கோடு. வங்கி போட்டது அரக்கு இல்லாமல். ரெண்டும் சரி. நகையில் ஒரு மணி குறையவில்லை.

அத்தை அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது, "சார், அந்த ரெண்டு எடையையும் இன்னொரு தடவை சத்தமா படிங்க" என்றார். அவர் படித்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றுகிற மாதிரி, "இது நம்ம பக்கத்துக்கு ஒண்ணும் புதுசில்ல. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் சுவரைப் போய்ப் பாருங்க" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன், அசந்துபோனேன். ஆயிரம் வருஷத்துக்கு முன் ராஜராஜ சோழன் கோயிலுக்குக் கொடுத்த நகைகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்று ஓர் எடைக்கல், நகைகளை நிறுக்க 'தட்சிணமேரு விடங்கன்' என்று இன்னொன்று. எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றிமணி வரை. வயிரத்தில் புள்ளி இருந்தால் புள்ளி, வெடிப்பு இருந்தால் வெடிப்பு. எடை அரக்கையும் சேர்த்தது என்றால் அதையும் சொல்லிவிடுகிறார்கள். கடைசியில் காசுக் கணக்கில் மதிப்பு.

ராஜராஜனின் ஆட்கள் எழுதி வைத்த அந்த ஒரு வார்த்தையை எங்கள் தாத்தா எழுதவில்லை. அதனால் ஓர் அக்காவும் தம்பியும் பதினைந்து வருஷத்துக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

அட்டிகையை மூன்றாக வெட்ட முடியாது. அறிக்கையில் ஒவ்வொரு நகைக்கும் மதிப்பு இருந்ததால் வேலை சுலபமாகிவிட்டது. அட்டிகை அத்தைக்கு, வளையலும் காசுமாலையும் மற்ற இருவருக்கும், குறைந்ததைப் பணமாகக் கொடுத்து சரிக்கட்டினார்கள். அட்டிகையை அத்தைக்குக் கொடுக்கலாம் என்று முதலில் சொன்னது பெரியம்மா. மன்னிப்பு என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை.

கும்பகோணத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். அப்பா ஒரு சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, "அக்கா, இங்க வந்து உக்காரு" என்றார். அத்தை வந்து உட்கார்ந்தார். நான் மயிலாடுதுறை வரை நின்றுகொண்டே வந்தேன் :-)

பி.கு: இந்த வாரம் வீட்டுக்குப் போனால் ஒரு நோட்டை எடுத்து நகைப் பட்டியல் போடுங்கள். மொத்த எடை ஒரு கட்டம், நிகர எடை ஒரு கட்டம், நிறுத்த தேதி ஒரு கட்டம். பாட்டி இருக்கும்போதே, பக்கத்தில் உட்காரவைத்து எழுதுங்கள். எந்த நகை எந்த வருஷம் வந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.